மலை ஏன் மலையாக வரவில்லை? திருகோணமலையில் மலைக்காட்சி தீட்டுவோருக்கு

உட்துறைமுக வீதியோரம் இருந்து நான் முதன்முதலில் தீட்டிய மலையைப் பார்த்துவிட்டு அக்காவின் மகள் கேட்டாள்: "மாமா, இது மலையா, பற்றிஸா?" ஒன்பது வயதுப் பிள்ளைக்கு முகத்துக்காகப் பொய் சொல்லத் தெரியாது. உண்மையிலேயே அது மாவில் மடித்துப் பொரித்த பற்றிஸ்தான். முள்ளுக்கரண்டியால் ஓரத்தை அழுத்தினதுபோல் அடிவாரத்தில் மரங்கள்கூட வரிசையாக இருந்தன.

அதற்குப் பிறகு வீணான தாள்களுக்குக் கணக்கில்லை. அவற்றை எறியாமல் வைத்துப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. என் பிழைகளில் பாதிக்கு மேல் கைப் பிழை அல்ல. கண்ணுக்கு முன்னால் நிற்கிற மலையை விட்டுவிட்டு, மனதுக்குள் இருக்கிற வேறொரு மலையைத் தீட்டியதால் வந்தவை. மிச்சம் தண்ணீரும் காற்றும் செய்த வேலை. கீழே இருப்பது அறிகுறி பார்த்துக் காரணம் தேடும் முறை. வாட்டர் கலரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

எதையும் திருத்துவதற்கு முன்

முதலில் படம் முழுதாகக் காயட்டும். ஈரத்தில் வைத்துத் திருத்தப்போய்த்தான் பல படங்கள் செத்தன. காய்ந்ததும் சுவரில் சாய்த்துவிட்டு நாலைந்து அடி பின்னால் வாருங்கள். பிறகு கைபேசியில் ஒரு படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். கறுப்பு வெள்ளையிலும் எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் ஒளிநிழல் பிழை, 'தூரத்து மலை' பகுதிக்குப் போங்கள். கறுப்பு வெள்ளையில் நன்றாக இருந்து, நிறத்தில் மட்டும் கண்ணை உறுத்தினால் பச்சையைப் பற்றியும் சேற்றைப் பற்றியும் சொல்லும் பகுதிகளைப் பாருங்கள். இரண்டிலும் குறை தெரியாமல் ஏதோ ஒன்று சரியில்லை என்று மட்டும் பட்டால் படத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். மலை என்ற எண்ணம் போய் வெறும் உருவம் மட்டும் தெரியும். உருவப் பிழை அங்கே பிடிபடும்.

அறிகுறி: மலை முக்கோணமாக நிற்கிறது

இரண்டு முக்கோணம், நடுவில் பாதிச் சூரியன், அதன் அடியிலிருந்து வளைந்து வரும் ஆறு, ஆற்றோரம் ஒரு வீடு, ஒரு தென்னை. நம் எல்லோருடைய சித்திரக் கொப்பியிலும் இருந்த படம் இது. ஊரின் பெயரிலேயே மலையை வைத்திருக்கிற திருகோணமலைப் பிள்ளையும் இதையேதான் வரைகிறது. இத்தனைக்கும் இங்கே விடியற்காலையில் சூரியன் வருவது கடலுக்குள்ளிருந்து. மலைக்குப் பின்னால் சூரியனைப் பார்க்க வேண்டுமென்றால் பின்னேரம் உட்துறைமுகப் பக்கம் போய் மேற்கே பார்த்து நிற்க வேண்டும்.

சோதனை எளிது. பென்சிலை முழுக்கை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மலையின் உயரத்தைப் பென்சிலில் அளந்து, அதே அளவு மலையின் நீளத்தில் எத்தனை தடவை போகிறது என்று எண்ணுங்கள். துறைமுகத்துக்கு அப்பால் தெரியும் மலைத்தொடரை நான் அப்படி அளந்தபோது உயரம் என் விரல் நகத்துக்குள் அடங்கிவிட்டது, நீளமோ பென்சிலைத் தாண்டிப் போனது. என் படத்தில் உயரமும் நீளமும் ஏறக்குறைய ஒன்று. கண் எதை முக்கியம் என்று நினைக்கிறதோ அதைப் பெருப்பித்துத்தான் பார்க்கும். அளக்காமல் வரைந்தால் எல்லோரும் மலையை உயர்த்தியே வரைவோம்.

அடுத்தது, இரண்டு பக்கச் சரிவும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். டச்சுக் குடாக் கடற்கரையில் நின்று வடக்கே கோணேசர் கோயில் இருக்கும் பாறையைப் பாருங்கள். இடப்பக்கம் கோட்டையோடு தணிந்து ஊரைத் தொடுகிறது, வலப்பக்கம் கடலுக்குள் செங்குத்தாக விழுகிறது. இராவணன் வெட்டு என்று சொல்லும் பிளவு அந்தச் செங்குத்துப் பக்கத்தில்தான். ஒரு பக்கம் நடந்து ஏறலாம், மறுபக்கம் எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். இந்த ஏற்றத்தாழ்வுதான் அந்த மலையின் முகம். இரண்டு பக்கத்தையும் சமமாக்கினால் அது எந்த ஊர் மலையாகவும் இருக்கலாம்.

தீட்டி முடித்த படத்தைத் திருத்த: வாட்டர் கலரில் மலையைக் குறுக்க முடியாது, நீட்டலாம். ஒரு சரிவின் நடுவில் ஆரம்பித்து, தாளின் ஓரம்வரை போகும் தாழ்வான இன்னொரு மேட்டைச் சற்றுக் கடும் நிறத்தில் போடுங்கள். முக்கோணம் உடைந்துவிடும். உச்சி மிகவும் கூராக இருந்தால், சுத்தமான ஈரப் பிரஷால் அந்த இடத்தை மெல்லத் தேய்த்து ரிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். நிறம் கொஞ்சம் கழன்று, மேகம் மூடினதுபோல் ஆகும்.

அறிகுறி: தூரத்து மலை முன்னுக்கு வந்து நிற்கிறது

இதற்குத்தான் அதிக இடம் ஒதுக்குகிறேன், ஏனென்றால் என்னிடம் படம் கொண்டுவருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு இதுதான் வருத்தம்.

காற்று வெறுமையானது அல்ல. நமக்கும் மலைக்கும் நடுவில் இருக்கிற காற்று, சூரிய ஒளியில் நீலப் பங்கை மற்ற நிறங்களைவிட அதிகமாகச் சிதறடிக்கிறது. அந்தச் சிதறிய நீலம் மலையின் இருளுக்கு மேல் மெல்லிய திரைபோல் விழுகிறது. தூரம் கூடக் கூடத் திரை தடிக்கும், மலை வெளிறும், இருளுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசம் குறையும். 500 ஆண்டுகளுக்கு முன்பே லியொனார்டோ டா வின்சி தன் குறிப்புகளில், ஐந்து மடங்கு தூரத்தில் இருப்பதை ஐந்து மடங்கு நீலமாகத் தீட்டும்படி எழுதி வைத்திருக்கிறார்.

அதை வேத வாக்காக எடுத்தால் இங்கே பிழைத்துவிடும். நம்முடையது கடற்கரை. கடற்காற்றில் உள்ள உப்புத் துகள்கள் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். பருத்த துகள் நீலத்தை மட்டும் அல்ல, எல்லா நிறத்தையும் சிதறடிக்கும். ஆகவே புழுக்கமான நாளில் தூரத்து மலை நீலமாகத் தெரியாது, பால் கலந்த சாம்பலாகத் தெரியும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் ஜூன், ஜூலையில் புழுதியும் சேர்ந்துகொள்ள, சில மத்தியானங்களில் மலை இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். அதே மலை, மாரியில் ஒரு பெருமழை விட்ட அடுத்த அரை மணி நேரத்தில், கையை நீட்டினால் தொடலாம்போல் கருநீலமாக வந்து நிற்கும். இரண்டும் உண்மை. எந்த நாளைத் தீட்டுகிறீர்கள் என்று முதலில் முடிவுசெய்யுங்கள். கச்சான் நாளின் மலையையும் மழை நாளின் வானத்தையும் ஒரே தாளில் போட்டுவிட்டு, ஏன் ஒட்டவில்லை என்று நானே ஒரு கிழமை மண்டையை உடைத்திருக்கிறேன்.

இன்னொரு நுணுக்கம்: தூரம் நீலமாக்குவது இருண்ட பொருளைத்தான். தூரத்தில் உள்ள வெள்ளைப் பொருள், அதாவது வெயில் படும் மேகம் அல்லது வெள்ளையடித்த கட்டடம், நீலப் பங்கை வழியில் இழந்துவிட்டு நம்மிடம் வருகிறது. அதனால் அது இலேசாக மஞ்சள் தட்டும். அடிவானத்து மேகத்துக்கு நீலம் போட்டுக் குளிர வைத்தவர்கள் அதில் ஒரு துளி யெலோ ஓக்கரை, அதாவது மண் மஞ்சளைத், தொட்டுப் பாருங்கள், மேகம் உடனே பின்னுக்குப் போகும்.

வராமல் தடுக்க, தீட்டத் தொடங்கும் முன்பே மூன்று சிரட்டையில் நிறம் கரைத்து வைக்கிறேன். (தட்டைவிடச் சிரட்டை நல்லது, ஆழம் இருப்பதால் கெதியாகக் காயாது.) ஒரே கலவைதான். முதலாவது மங்கலான தேநீர்போல், இரண்டாவது கடும் சாயத் தேநீர்போல், மூன்றாவது கோப்பிபோல். கடைசித் தொடர் முதற் சிரட்டை, நடுத் தொடர் இரண்டாவது, கிட்ட உள்ள மேடும் மரங்களும் மூன்றாவது. நடுவில் கலக்கப்போனால் ஒவ்வொரு தடவையும் கடுமை மாறும், அப்போதுதான் பின்மலை முன்மலையைவிடக் கறுத்துப்போகிறது. வாட்டர் கலர் காய்ந்ததும் வெளிறும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பண்ணுங்கள். ஈரத்தில் சரியாகத் தெரிந்தால் காய்ந்த பின் போதாது. அக்ரிலிக்காக இருந்தால் மறுவளம், காயும்போது சற்றுக் கறுக்கும்.

ஏற்கெனவே கடுமையாகிவிட்ட தூர மலையைத் தணிக்க இரண்டு வழி. நல்ல தடித்த தாள் என்றால் ஈரமான ஸ்பஞ்சால் ஒற்றி ஒற்றி நிறத்தை எடுக்கலாம். மெல்லிய தாள் என்றால் அது பஞ்சாகப் பிய்ந்துவிடும். அதற்குப் பதில், போஸ்டர் வெள்ளையில் ஒரு சொட்டு நீலம் கலந்து, பாலைவிட ஐதாக்கி, காய்ந்த மலைக்கு மேல் ஒரே தடவை இழுத்துவிடுங்கள். ஒரே தடவை. திரும்பவும் இழுத்தால் கீழ் நிறம் கிளம்பி எல்லாம் கலங்கும்.

பின்னேரம் மேற்கே பார்த்துத் தீட்டுகிறவர்களுக்கு: சூரியன் மலைக்குப் பின்னால் இருக்கும்போது மலையில் எந்த விவரமும் தெரியாது. ஒரே தட்டையான நிறம்தான். அதில் மரம், பாறை, வெடிப்பு என்று சேர்ப்பது நீங்கள், மலை அல்ல.

அறிகுறி: பச்சை கண்ணைக் குத்துகிறது

டியூப்பில் வரும் பச்சையை அப்படியே பூசியிருக்கிறீர்கள். எல்லோரும் செய்வதுதான்.

ஒரு வேப்பிலைக் கொத்தைப் பறித்துக் கை நீட்டிப் பிடித்து, மலைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கையில் இருப்பது பச்சை. அதற்குப் பின்னால் மலையில் இருப்பதும் பச்சை என்று இவ்வளவு நாளும் நம்பிக்கொண்டிருந்தீர்கள். பக்கத்தில் வைத்ததும் அது சாம்பல், அல்லது மங்கிய நாவல், சில வேளை மண்ணிறம். நம் பக்கத்துக் காடு உலர்வலயக் காடு. பாலையும் வீரையும் முதிரையும் நிற்கிற காடு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம்போல் மினுங்காது. மாரி கழிந்த தை, மாசியில் கொஞ்சம் பச்சை தெரியும். ஆவணியில் பார்த்தால் பாதி விறகு நிறம்.

கலவை: அல்ட்ரமரீன் நீலமும் யெலோ ஓக்கரும். இதில் வரும் பச்சை சோம்பலான பச்சை, அதுதான் நமக்கு வேண்டியது. கடைப் பச்சை மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் அதில் பேர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பை, அதுவும் இல்லாவிட்டால் ஒரு துளி சிவப்பைக் கலவுங்கள். பச்சையை அடக்குவது சிவப்பின் பக்கத்து நிறங்கள்தான், கறுப்பு அல்ல. கறுப்புக் கலந்தால் பச்சை செத்துப்போகும், அடங்காது. காய்ந்துவிட்ட படத்தில் பச்சை குத்தினால், ஐதான பேர்ன்ட் சியன்னாவை மலை முழுக்க ஒருக்கா மேலோட்டமாகப் பூசுங்கள். ஐந்து நிமிட வேலை, பலன் பெரிது.

அறிகுறி: மலை சேறாகிவிட்டது

மூன்றுக்கு மேல் நிறம் கலந்தீர்களா? காயுமுன் திரும்பத் திரும்ப பிரஷை ஓட்டினீர்களா? கழுவிய தண்ணீரையே கலக்கவும் பாவித்தீர்களா? மூன்றில் ஒன்றுக்காவது தலையாட்டுவீர்கள். தண்ணீருக்கு இரண்டு பாத்திரம் வையுங்கள், ஒன்று கழுவ, ஒன்று கலக்க. மாணவர்களுக்கென்று விற்கும் மலிவுப் பெட்டிகளில் நிறத்தைவிட நிரப்பி அதிகம் இருக்கும். அவை இரண்டு கலந்தாலே மங்கும், அவற்றில் சாம்பல் வேண்டுமென்றால் நீலமும் பழுப்பும் மட்டும் போதும். சேறான படத்தில் மேலும் பூசாதீர்கள். அந்த இடத்தை ஒற்றி எடுத்துவிட்டுக் காயவையுங்கள், இன்று அவ்வளவுதான்.

அறிகுறி: நிறத்துக்குள் பூக்கோவா விரிந்திருக்கிறது

ஓரம் நெளிநெளியாக, நடுவில் வெளிறி, பூக்கோவா வெட்டுமுகம்போல் ஒரு திட்டு. பெரும்பாலும் வானத்தில் அல்லது மலையின் நடு வயிற்றில், சரியாகப் பார்வை படும் இடத்தில் வரும்.

பாதி காய்ந்த இடத்தில் அதைவிட ஈரம் கூடிய பிரஷ் பட்டிருக்கிறது. அந்தத் தண்ணீர் காய்ந்த பக்கமாக ஓடி, வழியில் இருந்த நிறத் துகள்களைத் தள்ளிக்கொண்டுபோய் ஓரத்தில் கொட்டியிருக்கிறது. நீங்கள் ஒரு சின்னத் திருத்தம் செய்யப் போயிருப்பீர்கள். அந்தச் சின்னத் திருத்தம்தான் வினை.

இதில் ஊர்க் காற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. புத்தகத்திலும் காணொளியிலும் 'இரண்டு நிமிடம் பொறுங்கள்' என்பார்கள். அது வேறு நாட்டு இரண்டு நிமிடம். கார்த்திகை, மார்கழியில் வாடையும் மழையுமாக இருக்கும்போது என் வீட்டு விறாந்தையில் ஒரு வானம் காய முக்கால் மணி நேரம் எடுக்கும். ஆடியில் கச்சான் அடிக்கும்போது தாளின் மேல் முனையில் தொடங்கி கீழ் முனைக்கு வருமுன் மேலே காய்ந்துவிடும். ஆகவே மணிக்கூட்டைப் பார்க்க வேண்டாம், தாளைப் பாருங்கள். தாளைக் கண் மட்டத்துக்குத் தூக்கிச் சாய்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். பளபளத்தால் ஈரம், அந்த நேரத்தில் நிறம் சேர்க்கலாம், அது தன்பாட்டில் பரவும். பளபளப்பு அடங்கி மங்கலானால் கையை எடுத்துவிடுங்கள். ஆபத்தான நேரம் அதுதான், பூக்கோவா எல்லாம் அப்போதுதான் பூக்கிறது. காய்ந்ததுபோல் தெரிந்தாலும் புறங்கையைத் தாளில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

வந்துவிட்டால்? உடனே ஒன்றும் செய்யாதீர்கள். முழுதாகக் காய்ந்தபின், சுத்தத் தண்ணீர் தொட்ட மெல்லிய பிரஷால் நெளிந்த ஓரத்தை மட்டும் தேய்த்து இளக்கி ஒற்றி எடுங்கள். மலையின் நடுவில் வந்ததென்றால் யோசித்துப் பாருங்கள், அது ஒரு பற்றைக் கூட்டமாக அல்லது பாறைத் திட்டாக மாறக்கூடும். என்னிடம் உள்ள படங்களில் பார்க்கிறவர்கள் புகழ்கிற ஒரு மூடுபனி, உண்மையில் நான் கையை எடுக்காமல் விட்ட பிழை. யாருக்கும் சொல்வதில்லை.

இதற்கு எதிர்மாறான அறிகுறியும் இருக்கிறது: மலைக்குள் கத்தியால் வெட்டியதுபோல் கடின வரிகள். அது கச்சான் வேலை. பூச முன் தாளின் இரண்டு பக்கத்தையும் நனையுங்கள், நிழலில் இருந்து தீட்டுங்கள், அல்லது விடிய 6 மணிக்கே ஆரம்பியுங்கள். கலக்கும் தண்ணீரில் இரண்டு சொட்டுக் கிளிசரின் விட்டால் காய்வது தாமதமாகும். அதையே மாரியில் செய்தீர்களோ, படம் அடுத்த நாளும் ஒட்டும்.

அறிகுறி: பாறை பஞ்சு மெத்தைபோல் இருக்கிறது

எத்தனை மணிக்குத் தீட்டினீர்கள்? திருகோணமலை நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 8.6 பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் 12, 13 வாக்கிலும் ஓகஸ்ட் கடைசி நாட்களிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். சித்திரை வருடப்பிறப்புக்கு முந்திய நாள் மத்தியானம் முற்றத்தில் ஒரு தடியை நட்டுப் பாருங்கள், நிழலைத் தேட வேண்டும். அந்த நேரத்தில் பாறைக்கு நிழல் பக்கம் என்று ஒன்று இல்லை. நிழல் இல்லாத பாறையை எவ்வளவு திறமாகத் தீட்டினாலும் தலையணை மாதிரித்தான் வரும். காலை 8 மணிக்கு முன், பின்னேரம் 4 மணிக்குப் பின். கோணேசர் பாறையின் கடல் முகத்தில் வெயில் விழுவது காலையில்தான், பின்னேரம் அந்தப் பக்கம் முழுக்க நிழல்.

நேரம் சரியாக இருந்தும் மெத்தையாக வந்தால், ஓரங்களைப் பாருங்கள். வெயில் பக்கம், சாய்ந்த பக்கம், நிழல் பக்கம் என்று மூன்றே மூன்று தளமாகப் பிரித்து, ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும் இடத்தில் இளக்காமல் வெட்டாக விடுங்கள். பிரஷைத் துணியில் துடைத்துவிட்டு, மிச்சம் இருக்கும் உலர் நிறத்தைச் சொரசொரப்பான தாளில் படுக்கையாக இழுத்தால் மேடுகளில் மட்டும் நிறம் பிடித்துக் கல்லின் தோல் வரும். அல்ட்ரமரீன் இங்கே கைகொடுக்கும். அதன் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு, தாளின் குழிகளில் போய்த் தங்கிப் பொருக்குப் பொருக்காகத் தெரியும்.

எனக்குப் பிடித்த கருவி பழைய கைபேசி ரீலோட் கார்ட். கடும் நிறம் பூசி, பளபளப்பு அடங்கும் அந்தக் கணத்தில், கார்ட்டின் ஓரத்தால் அழுத்திச் சுரண்டினால் நிறம் ஒதுங்கிப் பாறையின் வெயில் முகம் ஒரே இழுப்பில் வெளிவரும். முந்தினால் நிறம் திரும்ப ஓடிவந்து மூடும், பிந்தினால் தாள் கிழியும். பத்துத் தடவை வேண்டாத தாளில் பழகிவிட்டு நல்ல தாளில் வையுங்கள்.

அறிகுறி: மலை தண்ணீருக்கு மேல் மிதக்கிறது

கொட்டியாரக் குடாவையோ துறைமுகத்தையோ தீட்டும்போது வருவது. மலை தண்ணீரைத் தொடும் கோட்டில் அடிமட்டத்தை வைத்துப் பாருங்கள். கோடு சாய்ந்திருந்தால் அல்லது சிரித்த வாய்போல் வளைந்திருந்தால் அதுதான் காரணம். கரை எவ்வளவு வளைந்து போனாலும், தூரத்தில் தண்ணீர் மட்டத்தில் நின்று பார்க்கும் கண்ணுக்கு அது நேர்கோடு. தாளின் அடியோரத்துக்குச் சமாந்தரமாகத் திருத்துங்கள், பாதிப் பிரச்சினை போய்விடும்.

மிச்சப் பாதி விம்பத்தில். விம்பம் மலைக்கு நேர் கீழே விழ வேண்டும், சூரியன் எந்தப் பக்கம் நின்றாலும் சரி. நிழல்தான் சாயும், விம்பம் சாயாது. கடும் நிறம் தண்ணீரில் சற்று வெளிறியும், வெளிர் நிறம் சற்று மங்கியும் தெரியும். கரையிலிருந்து உள்ளே தள்ளி நிற்கிற மலையின் விம்பம் முழுதாக விழாது, கரையோர மரங்களின் விம்பம் அதை மறைத்துவிடும். காற்று இருந்தால் விம்பம் நெடுக்காக இழுபட்டு உடையும். திறந்த கடலில் அலை அடிக்கும்போது விம்பமே இல்லை. நிலாவெளிப் பக்கத்துக் கடலில் புறாத்தீவின் விம்பத்தைக் கண்ணாடிபோல் தீட்டிய படத்தைப் பார்த்தால், வரைந்தவர் அதை வீட்டுக்குள் இருந்து வரைந்தார் என்று தெரிந்துவிடும்.

மலை மிதப்பது பிழையே இல்லாத இடம் ஒன்றும் இருக்கிறது. தை மாதம் விடியற்காலையில் தம்பலகாமம் வயல்வெளிக்குப் போனால், வயலுக்கு மேல் பனி படிந்து மலையின் அடியை அழித்துவிட்டு மேற்பாதியை மட்டும் விட்டுவைத்திருக்கும். அங்கே மலையை மேலிருந்து கீழே தீட்டி, அடியை நெருங்கும்போது வெறும் தண்ணீர்ப் பிரஷால் இழுத்து இல்லாமலாக்கிவிடுங்கள். அடிக்குக் கோடு போட்டீர்களோ, பனி போய்விடும்.

அறிகுறி: தாள் அப்பளம்போல் நெளிகிறது

டிமைத் தாளும் பிறிஸ்டல் போர்ட்டும் வாட்டர் கலருக்கு அல்ல. டிமை நனைந்ததும் நெளியும். பிறிஸ்டலின் வழுவழுப்பில் நிறம் பிடிக்காமல் வழுக்கும், அடுத்த பூச்சில் கிளம்பும். சதுர மீற்றருக்கு 300 கிராம் உள்ள தாள் விலைதான், ஆனால் பின்பக்கத்திலும் தீட்டலாம். மெல்லிய தாள்தான் இருக்கிறதென்றால் முழுதாக நனைத்து, பலகையில் விரித்து, நான்கு ஓரமும் தண்ணீர் தொட்டு ஒட்டும் கடதாசி நாடாவால் ஒட்டிக் காயவிட்டுத் தீட்டுங்கள். நெளிந்துபோன படத்தைப் பின்பக்கம் இலேசாக ஈரமாக்கி, இரண்டு சுத்தத் தாளுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஓரிரவு விட்டால் பெருமளவு நிமிரும்.

மாரியில் தாளைச் சுவரோடு சாய்த்து வைக்காதீர்கள். ஈரம் குடித்த தாளில், நிறத்தை உடனே உறிஞ்சவிடாமல் தடுக்கும் பசை கெட்டுவிடும், பிறகு நிறம் விழுந்த இடத்திலேயே உறிஞ்சப்பட்டுப் புள்ளிபுள்ளியாக நிற்கும். பூசினவர் பிழை என்று நினைப்போம், தாள் பழுது. பொலித்தீன் உறையில் போட்டு அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள்.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் மலை சின்னதாகத் தெரிகிறது

மலையைப் பெருப்பிக்க வேண்டாம். அதற்கு முன்னால் நிற்பதைச் சிறுப்பியுங்கள். முன்னால் நிற்கும் பனையை மலையளவுக்கு வரைந்திருப்பீர்கள், அல்லது கரையில் இருக்கும் வள்ளத்துக்குள் ஏழெட்டுப் பேர் இருக்கும் அளவுக்கு இடம் விட்டிருப்பீர்கள். பார்க்கிறவருக்குப் பனையின் உயரம் தெரியும், மான் எவ்வளவு பெரிது என்று தெரியும். அதை வைத்துத்தான் மலையை அளக்கிறார். கோட்டை வாசலில் நிற்கிற மான்களில் ஒன்றை அரிசி அளவில் ஒரு மூலையில் வைத்துப் பாருங்கள், பின்னால் உள்ள பாறை தானாக எழும்பும். நேரில் பார்த்து வரைகிறவர்கள் தாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். கோட்டைக்குள் ஒருநாள் நான் மானின் காலை அளந்துகொண்டிருந்தபோது பின்னால் வந்த இன்னொன்று என் வானத்தின் இடது மூலையைக் கடித்துக்கொண்டு போனது.

போன சனிக்கிழமை மருமகள் பழைய பற்றிஸ் மலையைத் தேடி எடுத்தாள். இப்போது அவள் சாதாரண தரப் பரீட்சைக்குச் சித்திரத்தையும் ஒரு பாடமாகப் படிக்கிறாள். அதன் இடப்பக்கத்தில் தாழ்வான ஒரு மேட்டை இழுத்து, பச்சைக்கு மேல் பேர்ன்ட் சியன்னா பூசி, மான் கடித்த படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். "இப்ப ரோல்ஸ் மாதிரி இருக்கு மாமா" என்றாள்.